உப்புத்தாள் தேய்த்த சுருதி

அண்ணாச்சி,

இன்று காலை மேசையைத் துடைக்கும்போது துணியின் நுனி உங்கள் டியூனிங் ஃபோர்க்கில் பட்டுவிட்டது. அது மெல்ல முனகியது. முனகல் முழுக்க அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு, கதவைத் தாழிட்டு, இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

நம் சபையில் உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அசனப் பண்டிகையன்று எல்லோரும் பந்தியில் சாப்பிட்டு எழுந்ததும் ஆளுக்கொரு பிரதி கையில் கிடைக்குமாம். அதற்கு என்னிடம் ஒரு மடல் கேட்டிருக்கிறார்கள். "நீங்க அவருகூட இருவத்தாறு வருசம் கொயர்ல நின்னவரு. ஒங்கள விட்டா யாரு எழுதுவா?" என்றார் சபைச் செயலாளர். நின்றவன் என்றுதான் சொன்னார்; பாடினவன் என்று சொல்லவில்லை. அவருக்கு விஷயம் தெரியாது. தெரியாமலே சரியான சொல்லைப் பிடித்துவிட்டார்.

மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் உங்களைப் புகழ்ந்திருந்தேன். இது நான்காவது. இதை உங்களைப் பழிவாங்கத்தான் எழுதுகிறேன். எழுபத்திரண்டு வயதில் ஒருவன் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. எந்தக் கேள்விக்கும் எனக்கு உடனே விடை தெரிந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரித்தவர் நீங்கள்.

உங்களைக் கண்டிராதவர்களும் மலரைப் படிப்பார்கள் என்பதால் முறையாகச் சொல்கிறேன். நீங்கள் மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். நம் கோயிலின் பாடகர் குழுத் தலைவர். நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு ஏஜென்சியில் கப்பல் சரக்குக் காகிதங்களைச் சரிபார்த்தவன். குழுவில் தாழ்ந்த குரலில் பாடுகிற பேஸ் வரிசையில் கடைசி ஆள். உங்கள் சட்டைப் பையில் எப்போதும் இந்த ஃபோர்க் இருக்கும். இரண்டு காலுள்ள இரும்புக் கவை. முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தால் ஒரே ஒரு சுரம் கேட்கும். அதை நீங்கள் வாய்விட்டு முனகுவீர்கள். அங்கிருந்து நாங்கள் இருபத்துநான்கு பேரும் பாட்டை எடுப்போம். உங்கள் அப்பா வைத்திருந்தது, அவருக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வைத்திருந்தது.

நம் ஊர் உப்புக் காற்றுக்குத் தப்பிய இரும்பு கிடையாது. டிசம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை, பள்ளி ஹாலில், எங்கள் எல்லோர் முன்னாலும் ஒரு துண்டு உப்புத்தாளை மடித்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேருகிற இடுக்கில் நுழைத்து, துரு போக இழுத்து இழுத்துத் தேய்ப்பீர்கள். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்றே பிறந்துவிடும். "சாமானச் சுத்தமா வச்சிக்கிடணும்லே. நம்ம சுதி பூரா இதுக்குள்ளதான் இருக்கு" என்பீர்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் தேய்ப்பாராம். உப்புத்தாளிலிருந்து உதிர்ந்த கருந்தூளை ஊதிவிட்டு, ஃபோர்க்கைத் தட்டி, கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

நான் சேர்ந்தபின் வந்த முதல் கிறிஸ்துமஸ். நம் வழக்கப்படி வாசலில் ஃபோர்க்கைத் தட்டிச் சுருதி கொடுத்தீர்கள். முதல் சரணத்தை ஆர்கன் இல்லாமல் பாடிக்கொண்டே பவனியாக நடந்தோம். பீடத்துப் படியை அடைந்ததும் இரண்டாம் சரணத்துக்கு ஆர்கன் சேர்ந்துகொண்டது. அந்த இடத்தில் ஏதோ உராய்ந்தது. ஆர்கன் ஒரு மட்டத்திலும் நாம் அதற்குச் சற்றுக் கீழேயும் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு இசை தெரியாது. எந்தச் சத்தம் பெரிதோ அதோடு சேர்ந்துகொள்வதுதான் என் இயல்பு. ஆர்கன் பெரிதாக இருந்தது, அதோடு போனேன்.

ஆராதனை முடிந்ததும் அங்கிகளைக் கழற்றும் அறையில், எல்லோரும் இருக்கும்போது, என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏலே, இத்தன பேரும் ஒரு எடத்துல நிக்கோம். நீ மட்டும் தனியா எங்கலே போற?"

"ஆர்கன் கொஞ்சம் மேல இருந்த மாதிரி..."

"ஆர்கன் மேல இருக்காம்லா! கேட்டியளா? கப்பல்காரரு சொல்லுதாரு." எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். அது கேலியைவிட மோசமாக இருந்தது. "ஒன்ன நிறுத்துனா ஒம் பொஞ்சாதி வருத்தப்படுவா. வரிசையில நில்லு. வாய மட்டும் அசை. சத்தம் வரப்படாது, என்ன?"

"சரி அண்ணாச்சி" என்றேன்.

இருபத்தாறு வருடம் அசைத்தேன். ஒழுங்காக அசைத்தேன். சொற்களைப் பிழையில்லாமல் மனப்பாடம் செய்து, மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் மூச்சு எடுத்து, நெடிலுக்கு வாயை வட்டமாக்கி. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, சாவு வீடு, கல்யாண வீடு. ஏன் விலகவில்லை என்று கேட்கலாம். விலகினால் காரணம் சொல்ல வேண்டும். என்னால் முடியாதது அது ஒன்றுதான்.

என் மனைவி பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் உட்காருவாள். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், "ஒங்க குரல் எதுன்னு கண்டுபிடிக்கணும்னு கண்ண மூடிக் கேட்டுப் பாத்தேன். பிடிபடலியே" என்றாள். "எல்லாங் கலந்துதான வரும்" என்றேன். "அதுக்கில்ல, எனக்கு மட்டும் தெரியாதா?" என்றாள். அவள் போய் ஏழு வருடமாகிறது. என் குரலைக் கேட்காமலே போனாள். அண்ணாச்சி, மற்ற எல்லாவற்றையும் ஒருவேளை நான் மறந்திருப்பேன். இதை மறக்க மாட்டேன்.

ஜனவரியில் குழு சென்னைக்குப் போகும். அங்கே பல சபைகளின் பாடகர்கள் கூடுவார்கள். எல்லோரும் போவார்கள், என்னைத் தவிர. "நீ வந்து என்னலே செய்யப் போற, அங்கனயும் வாயசைக்கவா? இங்கன இருந்து ஹால் சாவியப் பாத்துக்கோ" என்பீர்கள். திரும்பி வந்ததும் ஒரு மாதத்துக்குக் கதை நடக்கும். அருங்காட்சியகத்தில் பார்த்த வெண்கலச் சிலைகள், ஓவியக் கூடம், சபா கச்சேரி, நாடகம். கடைசியில் என்னைப் பார்ப்பீர்கள். "இவனத் தனியா மெட்ராஸ்ல எறக்கிவிட்டா எழும்பூர் ஸ்டேசன் வாசல்லயே நின்னு அழுதுருவான்." நானும் சிரித்திருக்கிறேன்.

கண் சரியில்லை என்று சொல்லிக் குழுவிலிருந்து நீங்கள் விலகியபோது சபை உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியது. நானும் அத்தோடு விலகினேன். அதன்பின் இரண்டு வருடம், ஞாயிறுதோறும், ஆண்கள் பக்கத்து மூன்றாவது பெஞ்சில் நீங்களும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பிறகு நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள்.

போன நவம்பரில் உங்கள் மனைவி, மதினி, என் வீட்டுக்கு வந்தார். ஒரு கைக்குட்டையைப் பிரித்து இந்த ஃபோர்க்கை என் கையில் வைத்தார். "தம்பி, இது ஒங்ககிட்ட இருக்கணும்னு அவுக சொல்லிட்டுப் போனாவ."

"எனக்கா மதினி? எனக்கு எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும். 'அவன்ட்ட குடுத்துரு'ன்னு ரெண்டு தடவ சொன்னாவ. வேற ஒண்ணுஞ் சொல்லல."

மதினி போனபிறகு அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊமைக்குச் சுருதி அனுப்பியிருக்கிறார், போகிற போக்கிலும் ஒரு குத்து, என்று நினைத்தேன். அந்த வாரமே செயலாளர் வந்தார். ஜனவரியில் உங்கள் நினைவு ஞாயிறு. பழைய ஆட்கள் எல்லோரும் ஒருநாள் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். பழையபடி வாசலில் ஃபோர்க்கைத் தட்டிப் பாட்டை எடுக்க வேண்டும். அது என்னிடம் இருப்பதால் நான்தான் தட்ட வேண்டும். பிறகு அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கோயிலில் மாட்டப் போகிறார்கள். உங்களுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அன்றைக்குத்தான் தனியாகச் சென்னை போவது என்று தீர்மானித்தேன்.

சிரிக்காதீர்கள். என் பழிவாங்கல் அவ்வளவுதான். இருபத்தாறு வருடம் நீங்கள் கதையளந்த இடங்களையெல்லாம் ஒரு சனி ஞாயிறில், ஒருவர் துணையும் இல்லாமல், பார்த்துவிட்டு வருவது. கட்டம் போட்ட நோட்டில் எழுதிக்கொண்டேன்: எத்தனை மணிக்கு எங்கே, எந்தப் பேருந்து, எந்த வாசல், கழிப்பறை எங்கே. டிசம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறினேன். சட்டைப் பையில் உங்கள் ஃபோர்க். நீங்களும் வந்து பார்க்க வேண்டும் என்பதற்காக எடுத்துக்கொண்டேன்.

எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு நிமிடம் நின்றேன். அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், நோட்டில் குறித்தேன், நடந்தேன்.

அருங்காட்சியகத்தில் சீட்டுக் கொடுப்பவர், "ஒரு ஆளா சார்?" என்றார். "ஒரு ஆள்தான்" என்றேன். அந்த இரண்டு நாளும் போன இடமெல்லாம் இந்தக் கேள்வி வந்தது. முதல் தடவை கூசியது. கடைசித் தடவை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அங்கன ஒவ்வொரு செலயும் மூச்சு விடும்லே. ஒனக்குச் சொன்னா வெளங்காது" என்பீர்கள். ஒரு சிலையின் முன் அரை மணி நேரம் நின்றேன். மூச்சு விடவில்லை, அண்ணாச்சி. ஆனால் அதன் இடது கை, ஒன்றையும் பிடிக்காமல் சும்மா தொங்குகிற கை, அவ்வளவு அழகாக இருந்தது. அந்தக் கையைப் பற்றி நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

வேறொரு அறையில் சங்கும் சிப்பியும் வைத்த கண்ணாடிப் பெட்டி. நாற்காலியில் இருந்த காவலர், நான் வழி கேட்ட பேச்சை வைத்து, "சார் எந்த ஊரு?" என்றார்.

"தூத்துக்குடி."

"அப்போ இதெல்லாம் உங்க ஊரு ஐட்டம். முத்து எடுத்திருக்கீங்களா?"

"நான் காகிதம் பாத்தவன். முத்து எடுக்கதுன்னா மூச்ச அடக்கணும்" என்றேன்.

"ரொம்ப நேரம் அடக்கணுமோ?"

"சிலருக்கு ரொம்ப நேரம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டில் நேரத்தைக் குறித்தேன். அந்நியர் ஒருவரிடம் நான் சொன்ன முதல் துடுக்கான வார்த்தை அதுதான்.

மதியம் ஓவியக் கூடம். "படம் பாக்கதுக்கும் ஒரு படிப்பு வேணும்" என்பது உங்கள் வாக்கு. ஒரு முழுச் சுவரை அடைத்துக்கொண்டு வெறும் சாம்பல் நீலம். நடுவே வெள்ளையாக ஒரு கோடு. தாடி வைத்த ஒருவர் பக்கத்தில் வந்து, "என்ன தோணுது சார்?" என்றார்.

"எங்க ஊர் உப்பளம். மழ பேஞ்ச மறுநாள் இப்பிடித்தான் இருக்கும்."

"அப்படியா? நான் எங்க மொட்டை மாடி தண்ணித் தொட்டியைப் போட்டேன்" என்றார். வரைந்தவரே அவர்தான். "தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். "தப்பு என்ன சார் இதுல? உப்பளம் நல்லா இருக்கு. இனிமே நானும் அப்படியே சொல்லிக்கிறேன்" என்று சிரித்தார். ஒருவரிடம் தப்பாகச் சொல்லிவிட்டு அவமானப்படாமல் திரும்ப முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

மாலை மயிலாப்பூரில் கச்சேரி. மேடையைப் பார்த்தபடி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பாடகி ஒரு பெரிய பாட்டின் நடுவில் சட்டென்று நிறுத்தினார். பின்னால் தம்புரா வைத்திருந்தவரைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் இறங்கிடுத்து" என்றார். யாரும் பதறவில்லை. தம்புராவை வாங்கி, காதை வைத்து, முறுக்காணியைத் திருகினார். அரங்கம் முழுக்கப் பொறுமையாகக் காத்திருந்தது. ஒரு பெரியவர் ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது.

என் மனம் பாட்டில் ஓடவில்லை. என் கை சட்டைப் பைக்குப் போனது. கருவி இறங்கும். இறங்கினால் நிறுத்திவிட்டுச் சரிசெய்வார்கள். இருபத்தாறு வருடம் எனக்கு ஏன் இது தோன்றவில்லை? நீங்கள் தட்டினீர்கள், கண்ணை மூடினீர்கள், அதுதான் சுருதி என்று இருந்துவிட்டேன். ஃபோர்க்கை எடுத்து விரலால் தடவினேன். கால்கள் சேருகிற இடுக்கில் அது ஒடுங்கி, இடுப்புச் சிறுத்துப்போய் இருந்தது. உங்கள் உப்புத்தாள், அதற்கு முன் உங்கள் அப்பாவின் உப்புத்தாள்.

ஞாயிறு காலை பக்கத்துக் கோயிலில் ஆராதனை. மதியம் நாடகம், நகைச்சுவை என்று போட்டிருந்தது. மற்றவர்கள் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் சிரிக்காத ஒரு இடத்தில் நான் மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மனம் முழுக்க மாலை நிகழ்ச்சியில் இருந்தது.

மாலை ஒரு பழைய பள்ளி மண்டபத்தில் கிறிஸ்துமஸ் பாடல்கள். பார்க்கப் போகிறேன் என்று நினைத்துத்தான் போனேன். வாசலில் ஒரு பெண் பாட்டுத்தாளை நீட்டி, "நீங்க என்ன வாய்ஸ் சார்?" என்றார். வந்தவர்கள் எல்லோரும் பாடுகிற நிகழ்ச்சியாம் அது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். பின்னால் கூட்டம் நின்றது. "பேஸ்" என்றேன். அதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை, அண்ணாச்சி. நீங்கள்கூடக் கேட்கவில்லை. உயரத்தைப் பார்த்து வரிசையில் நிறுத்தினீர்கள்.

பாடத் தொடங்கியதும் என் வாய் தன் பழக்கத்தைக் காட்டியது. அசைந்தது, சத்தம் வரவில்லை. நடத்தியவர் நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. கையைத் தூக்கி நிறுத்தினார். "பேஸ்ல மூணாவது வரிசை ஓரம். சார், உங்களத்தான். லிப்ஸ் அழகா அசையுது, சவுண்டக் காணோமே. வீட்டுல வச்சுட்டு வந்துட்டீங்களா?" மண்டபம் சிரித்தது. உங்கள் அறையில் கேட்ட சிரிப்பு அல்ல அது. ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்காகக் காத்திருந்தார்கள்.

பியானோ மறுபடி எடுத்தது. பாடினேன். முதலில் வந்தது குரலே அல்ல. கதவுக் கீல் சத்தம். பிறகு தொண்டை திறந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் அந்த அம்மா மறுபடி நிறுத்தினார். பாட்டுத்தாளை மடிக்கத் தொடங்கினேன். "பேஸ், எல்லாரும் சுருதிக்குக் கொஞ்சம் கீழ தொங்குறீங்க. ஓரத்துல இருக்கற சார் பியானோவோட கரெக்டா நிக்கறார். அவரைக் கேட்டுப் பாடுங்க."

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது அவரிடம் போய் ஃபோர்க்கை நீட்டினேன். "இது சரியா இருக்கான்னு பாக்க முடியுமா?"

தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. போனில் எதையோ திறந்து வைத்து மறுபடி தட்டினார். "இது 'சி' இல்ல சார். 'சி'க்கும் அதுக்குக் கீழ இருக்கற 'பி'க்கும் நடுவுல எங்கயோ நிக்குது. யாராவது அரத்தால ராவினாங்களா?"

"உப்புத்தாள். வருசத்துக்கு ஒருமுறை. துரு எடுக்க."

"அய்யோ. அந்த எடத்துல தேய்ச்சா சுருதி இறங்கும் சார். கொஞ்சம் கொஞ்சமா. தேய்க்கறவங்களுக்கே தெரியாது."

போன் தப்பாக இருக்கலாம் என்றேன். மூன்று முறை பார்க்கச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, தன் பையிலிருந்து தன்னுடைய ஃபோர்க்கை எடுத்து, இரண்டையும் ஒருசேரத் தட்டி மேசைப் பலகையில் ஊன்றினார். பலகை உறுமியது. நம் கோயிலில், பீடத்துப் படியருகே, இரண்டாம் சரணத்தில், வருடா வருடம் நான் கேட்ட அதே உராய்வு.

எல்லோரும் உங்கள் முனகலைக் கேட்டார்கள். நான் ஆர்கனைக் கேட்டேன். அவ்வளவுதான் நடந்தது, அண்ணாச்சி. இருபத்துநான்கு பேரில் தப்பாகப் பாடாதவன் ஒருவன். அவன் வாயை அடைத்தீர்கள்.

ஊர் வந்து சேர்ந்ததும் குளித்துச் சாப்பிட்டுவிட்டு நேராக மதினி வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ரயிலிலேயே வரிசைப்படுத்தி எழுதி வைத்திருந்தேன். உங்கள் மனைவியிடம் போய் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற வெறி. நீங்கள் கையில் அகப்படாததால் அவர். இது எனக்குப் பெருமை தருகிற விஷயமல்ல. ஆனால் நடந்தது இதுதான். மதினி வாசலில் உட்கார்ந்து சுளகில் முறுக்குக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"மதினி, அண்ணாச்சியோட ஃபோர்க்க சென்னையில காட்டினேன்" என்று தொடங்கினேன்.

சுளகு நின்றது. "கெட்டுப்போச்சுன்னு சொன்னாவளா?"

நான் எழுதி வைத்திருந்த வரிசையில் இந்தக் கேள்வி இல்லை.

"மூணு வருசம் முந்தி பெங்களூர்லேர்ந்து மக வந்திருந்தா. வெளையாட்டா போன்ல வச்சுப் பாத்தா. 'அப்பா, இது எறங்கிக் கெடக்கு'ன்னா. அவுக அத வாங்கிப் பையில போட்டுக்கிட்டாவ. ராத்திரி சாப்பிடல. அடுத்த ஞாயித்துக்கெழம கொயர்லேர்ந்து வெலகிட்டாவ."

"கண்ணு சரியில்லன்னுல்லா சொன்னாரு?"

"கண்ணுக்கு என்ன தம்பி? சாகுற வரைக்கும் பேப்பர் படிச்சாவ." சுளகை மறுபடி தட்டினார். "ஒருநா சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ஒங்க பேரச் சொன்னாவ. சொல்லிட்டு நிறுத்திட்டாவ. நானுங் கேக்கல. ஒங்களுக்குள்ள என்னவோன்னு இருந்துட்டேன். என்ன தம்பி அது?"

"ஒண்ணுமில்ல மதினி" என்றேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நினைவு ஞாயிறுக்கு வேறொரு திட்டம் போட்டேன். ஃபோர்க் கொடுத்த சுருதியையே வாசலில் கொடுத்துவிடுவது. இரண்டாம் சரணத்தில் ஆர்கன் சேரும்போது கோயில் முழுக்க அந்த உராய்வைக் கேட்கட்டும். பிறகு எல்லோர் முன்னாலும் ஃபோர்க்கையும் ஆர்கன் கட்டையையும் தட்டிக் காட்டி, இதுதான் உங்கள் அண்ணாச்சியின் சுதி என்று சொல்வது. சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்களையும் கண்ணாடி முன் நின்று பழகினேன்.

போன ஞாயிறு வாசலில் பழைய ஆட்கள் அங்கி போட்டு நின்றார்கள். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. ஃபோர்க்கை முழங்காலில் தட்டினேன், காதில் வைத்தேன். அந்த இறங்கிய சுரம் கேட்டது. வாயைத் திறந்தேன். என்னால் அதைப் பாட முடியவில்லை. மன்னிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். இத்தனை வருடம் கழித்து என் வாயிலிருந்து அந்தக் கோயிலில் வருகிற முதல் சத்தம் உங்கள் தப்பாக இருக்க வேண்டுமா என்று தோன்றியது. சற்று மேலே, ஆர்கன் நிற்கும் இடத்தை எடுத்து, உரக்கக் கொடுத்தேன். இருபத்துமூன்று பேரும் அதை வாங்கிக்கொண்டார்கள். உங்கள் பாடகர் குழு என் தொண்டைக்குப் பின்னால் நடந்து வந்தது. பீடத்துப் படியில் ஆர்கன் சேர்ந்தபோது உராய்வு இல்லை. பாட்டு எங்கே ஆர்கனாயிற்று என்றே தெரியவில்லை.

பழிவாங்கிவிட்டேன் என்று நினைத்தேன். ஆராதனை முடிந்து செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தார். "ஃபோர்க்கத் தட்டுனதும் அண்ணாச்சியே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. என்ன இருந்தாலும் அவரு சுதி அவரு சுதிதான்!" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் பழகி வைத்திருந்த நான்கு வாக்கியங்களையும் விட்டுவிட்டு அங்கியைக் கழற்றினேன். செத்த பிறகும் என் குரலை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

மதினி மட்டும் பெண்கள் பக்கத்திலிருந்து மெல்ல நடந்து வந்தார். "தம்பி, ஒங்க குரல் இதுதானா? இத்தன வருசம் எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். என் மனைவி உட்கார்ந்த நாலாவது வரிசையைப் பார்த்தேன். அங்கே யாரோ பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஃபோர்க்கை நான் கொடுக்கவில்லை. துரு எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி எடுத்து வந்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டி காலியாகத் தொங்குகிறது. நான் துரு எடுக்கப் போவதில்லை. இடுக்கில் இப்போதே செம்மண் நிறத்தில் ஒரு புள்ளி விழுந்திருக்கிறது; தினமும் காலையில் பார்க்கிறேன். செயலாளர் கேட்ட மடல் இதுதான். இதை அவரிடம் கொடுக்கத்தான் போகிறேன். போடுவார்களா என்று தெரியாது. போட்டால், பந்தியில் சாப்பிட்ட கையோடு எல்லோரும் படிக்கட்டும். மதினியும் படிப்பார், அவர் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லாமல் வந்துவிட்டேன்.

நீங்கள் படிக்க முடியாது என்பதுதான் என் குறை. தப்புச் செய்தீர்கள் என்பதை ஒருவேளை விட்டுவிடுவேன். துரு தேய்த்தவருக்குச் சுருதி இறங்குவது தெரியாது என்று அந்த அம்மாவே சொன்னார். ஆனால் தெரிந்த பிறகு இரண்டு வருடம் மூன்றாவது பெஞ்சில் என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தீர்கள். நூறு ஞாயிறு. ஒரே பாட்டுப் புத்தகத்தைச் சேர்ந்து பிடித்தோம். சொல்ல வந்து நிறுத்திக்கொண்டீர்கள் என்கிறார் மதினி. இந்த இரும்பை அனுப்பினால் நான் விளங்கிக்கொள்வேன் என்று நினைத்தீர்கள் போலும்.

வாயையாவது அசைத்திருக்கலாம், அண்ணாச்சி. சத்தம் வராவிட்டால் என்ன. நான் புரிந்துகொண்டிருப்பேன். அதில் எனக்கு இருபத்தாறு வருடப் பழக்கம்.